203-ல் 68 போனால் 265: மகளின் கழித்தல் கணக்கைக் கழற்றிப் பார்த்த பதிவு

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளின் நோட்டில் 203 − 68 என்று ஒரு கணக்கு. விடை 265 என்று போட்டு, அடியில் அழகாக இரண்டு கோடும் இழுத்திருந்தாள். அதாவது பர்ஸில் இருநூற்று மூன்று ரூபாயோடு கடைக்குப் போய், அறுபத்தெட்டு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், திரும்பி வரும்போது பர்ஸில் இருநூற்று அறுபத்தைந்து ரூபாய் இருக்கும். திருப்பூரில் அப்படி ஒரு கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நானே முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

சிரிப்பு வந்தாலும், அந்த 265 குருட்டாம்போக்கில் வந்த விடை இல்லை. 3-ல் 8 போகாது, சரி, 8-ல் 3 போனால் 5. சைபரில் 6 போகாது, 6-ல் சைபர் போனால் 6. இரண்டில் கழிக்க ஒன்றும் இல்லை, அப்படியே கீழே இறக்கு. நோட்டைப் பின்னால் புரட்டினால் 52 − 27 = 35, 81 − 46 = 45, எல்லாம் இதே வழிதான். கடன் வாங்கத் தேவையில்லாத 68 − 25 போன்ற கணக்குகள் அத்தனையும் சரி. ஆக, அவளிடம் ஒரு விதி இருக்கிறது, அதை ஓரிடத்திலும் விடாமல் கடைப்பிடிக்கிறாள்: எது மேலே எது கீழே என்று பார்க்காதே, பெரியதில் சின்னதைக் கழி. இதைக் கவனக்குறைவு என்று திட்டுவது நியாயமே இல்லை, இவ்வளவு ஒழுங்காகத் தப்புப் போடுவதற்கே நிறைய கவனம் வேண்டும்.

இதற்கு வீட்டில் உடனே வரும் யோசனை, இதே போல ஐம்பது கணக்கு எழுதிக் கொடு, தானாக வரும் என்பது. என் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். ஐம்பது கணக்குக் கொடுத்தால் அந்தத் தப்பு விதி ஐம்பது முறை இன்னும் ஆழமாகப் பதியும், அவ்வளவுதான். நான் பனியன் கம்பெனியில் டெய்லர். ஓவர்லாக் மெஷினில் தையல் விட்டு விட்டு விழுந்தால், இன்னும் பத்து பீஸ் ஓட்டிப் பார்ப்போம் என்று யாரும் ஓட்ட மாட்டார்கள், ஊசியா, நூல் டென்ஷனா, லூப்பரா என்று குனிந்து பார்ப்பார்கள். கணக்குக்கும் அதையே செய்தேன்.

டீச்சரிடம் பேசியபோது அவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அரசுப் பள்ளிகளில் 2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் பாப்பா தமிழ் வாசிப்பிலும் கணக்கிலும் மொட்டு. அது கேட்க வருத்தமாக இருந்தாலும் உபயோகமான தகவல், ஏனென்றால் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை முட்டிக்கொண்டு நிற்காமல் எந்தப் படி ஆடுகிறதோ அந்தப் படிக்கு இறங்கலாம் என்று தைரியம் வந்தது. அவர் எப்படி எழுத வைக்கிறார் என்றும் கேட்டுக்கொண்டேன், மேலே அடித்துவிட்டுப் புது எண்ணை எழுதும் முறைதான். வீட்டில் வேறு முறை சொல்லிக் குழப்பக் கூடாது என்பதற்காக அதையே பிடித்துக்கொண்டேன்.

எங்கே விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்தது

ஒரு கைப்பிடி புளியங்கொட்டை எடுத்துப் போட்டு, “இருபத்து மூணு எண்ணி வை அம்மணி” என்றேன். எண்ணி வைத்தாள். “இப்ப அதை எழுது.” 23 என்று எழுதினாள். 3-ஐக் காட்டி, “இதுக்கு எந்தக் கொட்டை?” மூன்று கொட்டைகளைத் தள்ளினாள். 2-ஐக் காட்டி, “இதுக்கு?” இரண்டே இரண்டு கொட்டைகளைத் தள்ளினாள். மீதிப் பதினெட்டுக் கொட்டைகள் தரையில் கேட்பாரில்லாமல் கிடந்தன, அது அவளுக்கு உறுத்தவே இல்லை. “பத்தின் இடத்தில் என்ன இருக்கு?” என்று கேட்டால் மட்டும் “ரெண்டு” என்று பள்ளிக்கூடப் பதில் டாண் என்று வரும்.

இதுதான் விஷயம். 2 என்பது இருபது என்று வாய்க்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அப்புறம் எதை உடைத்துக் கடன் கொடுப்பது? “பக்கத்து வீட்ல போய் ஒண்ணு கடன் வாங்கு” என்று எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறோம், ஒன்று வாங்கினால் இங்கே எப்படிப் பத்தாகிறது என்று பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் அது நம் பேச்சில் இருக்கும் ஓட்டை. இவள் என்னிடம் கேட்டது அதைவிடக் கூர்மையான கேள்வி: “வாங்குன கடனை எப்பம்மா திருப்பித் தருவாங்க?”

ஈர்க்குச்சிக் கட்டு

தென்னஞ்சீமாறு புதிது ஒன்று வாங்கினேன். வாங்கியதும் ஒரு நாள் வெயிலில் காயப் போட்டுவிடுவது நல்லது, பச்சையாக இருந்தால் வெட்டிய பிறகு வளைந்துகொள்ளும். ஈர்க்கின் நுனிப்பக்கம் நூலாக இருக்கும், அதை விட்டுவிட்டு அடியிலிருந்து நடுப்பகுதி வரைக்கும் ஏழு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டினேன், அவள் நடுவிரலை விடக் கொஞ்சம் நீளம். இதைவிடச் சின்னதாக வெட்டினால் பத்துக் குச்சியைச் சேர்த்துப் பிடிக்கச் சின்ன விரலுக்கு வராது. வெட்டிய முனைகளை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சிலும்பு குத்தும். துணி வெட்டும் கத்தரியை இதற்கு எடுக்காதீர்கள் என்று டெய்லர் வீட்டில் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இருநூற்றைம்பது குச்சி கையில் இருந்தால் மூன்றாம் வகுப்புக்குப் போதும். ஒரு சீமாற்றில் தாராளமாகத் தேறும், மிச்சத்தில் வாசலும் கூட்டலாம்.

இங்கே முக்கியமான வேலை கட்டுவது. பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பேண்டு போடும் வேலையை நாம் செய்து ரெடியாகக் கொடுக்கக் கூடாது. அதைப் பிள்ளைதான் செய்ய வேண்டும், ஏனென்றால் “பத்து ஒன்று சேர்ந்தால் ஒரு பத்து” என்பது அந்தக் கட்டுப்போடும் கையில்தான் ஏறுகிறது. பத்துக் கட்டுகள் சேர்ந்ததும் அவற்றை ஒன்றாக வைத்துப் பெரிய கட்டாகக் கட்டினாள். அந்த நூறை ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள், மறு கையில் ஒற்றைக் குச்சியை வைத்துப் பார்த்தாள், அப்புறம் அம்மிச்சியிடம், அதாவது என் அம்மாவிடம், கொண்டுபோய்க் காட்டினாள். எனக்கு அப்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

பிளாஸ்டிக்கில் இதற்கென்றே கட்டைகள் விற்கிறார்கள், பள்ளியில் மணிச்சட்டமும் இருக்கிறது. இரண்டும் நல்லவைதான், ஆனால் முதலில் கொடுக்க வேண்டியவை அல்ல என்பது என் கருத்து. பிளாஸ்டிக் பத்துக் கட்டையை உடைக்க முடியாது, கொடுத்துவிட்டு வேறு பத்துச் சின்னக் கட்டை வாங்க வேண்டும். மணிச்சட்டத்தில் பத்தின் கம்பியில் இருக்கும் மணியும் ஒன்றின் கம்பியில் இருக்கும் மணியும் ஒரே அளவு. அங்கே மணி நிற்கும் இடத்தை வைத்து மதிப்பைப் புரிந்துகொள்ள வேண்டும், நம் பிள்ளைக்குச் சிக்கலே அந்த இடத்தில்தான். குச்சிக்கட்டில் ரப்பரைக் கழற்றினால் பத்தும் அவிழ்ந்து கொட்டுகிறது, எதையும் நம்பச் சொல்ல வேண்டியதில்லை.

அட்டைப்பெட்டியின் மூடி ஒன்றை எடுத்து மார்க்கரால் மூன்று கட்டம் போட்டேன். இடமிருந்து வலமாக நூறு, பத்து, ஒன்று. சட்டம் ஒன்றே ஒன்று: எந்தக் கட்டத்திலும் ஒன்பதுக்கு மேல் இருக்கக் கூடாது, பத்தாவது வந்தால் கட்டி இடது பக்கம் அனுப்ப வேண்டும். முதலில் கழித்தல் பக்கமே போகவில்லை. லூடோ பகடையை உருட்டுவது, விழுந்த எண்ணுக்குக் குச்சி எடுத்து ஒன்றின் கட்டத்தில் வைப்பது, பத்து சேர்ந்தால் கட்டி நகர்த்துவது, யார் முதலில் நூறு கட்டுகிறார்களோ அவர்கள் ஜெயிப்பு. இதில் நன்றாகக் கை பழகிய பிறகு ஆட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன். இருவரும் நூறில் ஆரம்பித்து, பகடை விழுந்த அளவுக்குக் குச்சியை டப்பாவில் போட வேண்டும். முதல் உருட்டில் நாலு விழுந்தது. அவள் முன்னால் ஒரு பெரிய கட்டு மட்டும், உதிரிக் குச்சி ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய ரப்பரைக் கழற்றினாள், பத்துச் சின்னக் கட்டு. அதில் ஒன்றை எடுத்து அதையும் கழற்றினாள், நாலு குச்சியை டப்பாவில் போட்டாள்.

“கடன்” என்ற சொல்லை அதற்கப்புறம் வீட்டில் சொல்வதில்லை. “கட்டை அவிழ்” என்பதுதான் எங்கள் பேச்சு. அவிழ்த்ததை யாரும் யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதால் அந்தக் கேள்வியும் தீர்ந்தது.

அதே 203 − 68

இரண்டு நூறு, பத்தின் கட்டம் காலி, ஒன்றின் கட்டத்தில் மூன்று குச்சி. இதிலிருந்து அறுபத்தெட்டை எடுக்க வேண்டும். எட்டுக் குச்சி வேண்டும், மூன்றுதான் இருக்கிறது, பத்தின் பக்கம் போனால், “பத்து வீட்ல ஆளே இல்லம்மா!”

பெரியவர்களுக்கே தடுக்கும் இடம் இது. “சைபர் ஒன்பதாகிவிடும்” என்று மந்திரம் போலச் சொல்லிக்கொடுத்துத்தான் நாமெல்லாம் படித்தோம், ஏன் ஒன்பது, ஏன் பத்து இல்லை என்று கேட்டால் இன்றைக்கும் பாதிப்பேருக்குச் சொல்லத் தெரியாது. அவள் ஒரு நூறை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளைப் பத்தின் கட்டத்தில் அடுக்கினாள். அதில் ஒன்றை எடுத்து அவிழ்த்து ஒன்றின் கட்டத்தில் போட்டாள். இப்போது அட்டையில் நூறு ஒன்று, பத்து ஒன்பது, ஒன்று பதின்மூன்று. பத்து வந்தது, ஒன்று போனது, ஒன்பது நிற்கிறது. அந்த நேரத்தில் நான் நோட்டில் 2-ஐ அடித்து மேலே 1, 0-வை அடித்து மேலே 9, 3-ஐ அடித்து மேலே 13 என்று எழுதினேன். அட்டையில் இருப்பதும் நோட்டில் இருப்பதும் ஒன்றுதான் என்று விரல் வைத்து மூன்று கட்டத்துக்கும் பொருத்திப் பார்த்தாள். அப்புறம் எட்டுக் குச்சி, ஆறு கட்டு எடுத்தாள், மீதி 135.

எடுத்த அறுபத்தெட்டை மறுபடி அட்டையில் வைத்துக் கட்டினால் 203 வந்துவிட வேண்டும். விடை சரியா என்று என்னிடம் வந்து கேட்காமல் அவளே பார்த்துக்கொள்ள இந்த வேலை.

குச்சியிலிருந்து வெறும் நோட்டுக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாது. நடுவில் ஒரு படி வைத்தேன்: குச்சி இல்லை, அதற்குப் பதில் நோட்டில் நூறுக்குச் சதுரம், பத்துக்குக் கோடு, ஒன்றுக்குப் புள்ளி. அவிழ்த்தால் கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளி வைக்க வேண்டும். இது கொஞ்ச நாளில் அவளுக்கே சலித்துவிட்டது, புள்ளி வைக்கச் சோம்பல் பட்டு நேராக எண்ணை எழுத ஆரம்பித்தாள். அந்தச் சோம்பலுக்காகத்தான் காத்திருந்தேன். அதற்கடுத்து ரூபாய். நூறு ரூபாய் நோட்டு, பத்து ரூபாய்க் காசு, ஒரு ரூபாய்க் காசு. பத்து ரூபாய்க் காசு ஒரு ரூபாயைப் போலப் பத்து மடங்கு பெரியதாக இல்லை, சில்லறை மாற்றத்தான் வேண்டும். அதனால்தான் பணத்தை முதலில் வைக்காமல் கடைசியில் வைத்தேன்.

இஞ்ச் டேப்பு

என் கழுத்தில் எப்போதும் தொங்குவது. ஒரு பக்கம் 60 இஞ்ச், மறுபக்கம் 150 சென்டிமீட்டர். சென்டிமீட்டர் பக்கத்தை மேலே வைத்துத் தரையில் நீட்டி, இரண்டு முனையிலும் செல்லோடேப் ஒட்டினால் 150 வரைக்கும் எண்கோடு தயார். பத்துப் பத்து இடத்தில் துணி கிளிப் மாட்டினோம், 27-லும் 52-லும் வேறு நிற கிளிப். கேள்வி: இதிலிருந்து அதற்கு எவ்வளவு தூரம்?

மளிகைக்கடை அண்ணாச்சி மீதி கொடுக்கும் வழி இதுதான். 27-லிருந்து 30-க்கு மூன்று, 30-லிருந்து 50-க்கு இருபது, இன்னும் இரண்டு, மொத்தம் இருபத்தைந்து. அடிக்கவும் வேண்டாம், அவிழ்க்கவும் வேண்டாம். மனக்கணக்குக்கு இது ரொம்ப நல்ல வழி. பரீட்சைக்கு டீச்சர் சொன்ன வழி, விடையைச் சரிபார்க்க இந்த வழி என்று பிரித்துக்கொண்டோம்.

டேப்பில் ஒரு சிக்கல் வரும், கவனிக்க வேண்டும். 27 என்று எழுதியிருக்கும் கோட்டிலேயே விரலை வைத்து “ஒண்ணு” என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்குவார்கள், விடை எப்போதும் ஒன்று கூடுதலாக 26 என்று வரும். விரலை 27-ல் வைத்து, தாவி 28-ல் இறங்கும்போதுதான் “ஒண்ணு” சொல்ல வேண்டும். கோட்டை எண்ணக் கூடாது, தாவலை எண்ண வேண்டும். பாண்டி ஆடும் பிள்ளைக்கு இதை வாசலில் குதித்துக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும்.

10025

குச்சி வேலை நடக்கும்போதே இன்னொன்று தெரிந்தது. “நூற்று இருபத்தைந்து” என்று சொல்லி எழுதச் சொன்னால் 10025 என்று எழுதினாள். காதில் நூறு விழுந்தது, 100 எழுதினாள். இருபத்தைந்து விழுந்தது, 25 எழுதினாள். கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறாள், பாவம். இதில் தொண்ணூற்று மூன்றில் நூறு எங்கே வந்தது என்ற குழப்பம் வேறு, தொள்ளாயிரத்தில் ஆயிரம் வேறு.

இதற்குச் சட்டைப் பெட்டி அட்டையில் சீட்டுகள் வெட்டினேன். நூறு, இருநூறு என்று தொள்ளாயிரம் வரைக்கும் ஒன்பது சீட்டு, ஒவ்வொன்றும் மூன்று எண் அகலம். பத்து முதல் தொண்ணூறு வரைக்கும் ஒன்பது சீட்டு, இரண்டு எண் அகலம். ஒன்று முதல் ஒன்பது, ஒரு எண் அகலம். 100 என்ற சீட்டின் மேல் வலது ஓரம் ஒட்டி 20-ஐ வைத்து, அதன் மேல் 5-ஐ வைத்தால் சைபர்கள் மறைந்து 125 தெரியும். எடுத்துப் பிரித்தால் 100, 20, 5 தனித்தனியாக வரும். அந்தச் சைபர்கள் எங்கேயும் போகவில்லை, அடியில் ஒளிந்திருக்கின்றன. செய்யும்போது ஒரு எண்ணின் அகலம் எல்லாச் சீட்டிலும் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும், நான் மூன்று சென்டிமீட்டர் வைத்தேன். அரை சென்டிமீட்டர் பிசகினாலும் பாதிச் சைபர் எட்டிப் பார்க்கும், அப்புறம் அந்தச் சீட்டால் புண்ணியமில்லை. அவளுக்கு இந்த எல்லாச் சாமானிலும் பிடித்தது இதுதான், பக்கத்து வீட்டுப் பையனுக்கு எண் போட்டுக் காட்டி மறைத்து விளையாடுகிறாள்.

கே-வுக்கு வர க-விலிருந்து பாட வேண்டுமா?

தமிழ் வாசிப்பிலும் இதே குனிந்து பார்க்கும் வேலைதான். க, கா, கி, கீ என்று பன்னிரண்டும் ராகமாக வரும். நடுவில் ஒரு ‘கே’-வை மட்டும் காட்டினால் திகைப்பு. உதட்டைப் பார்த்தால் மெதுவாக க-விலிருந்து பாடிக்கொண்டு வருகிறாள், கே வந்ததும் நிறுத்திச் சத்தமாகச் சொல்கிறாள். ஒரு எழுத்துக்கு இவ்வளவு தூரம் நடந்தால் ஒரு வார்த்தையைப் படித்து முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். 216 உயிர்மெய்யையும் தனித்தனிப் படமாக மனதில் வைக்கவும் முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. 18 உடல், அதன் மேல் ஏறும் குறிகள், அவ்வளவுதான்.

டீ-ஷர்ட் போட்டு வரும் பாலிபேக் கவர் நல்ல கண்ணாடியாக இருக்கும். அதைப் பட்டைப் பட்டையாக வெட்டி, அழியாத மார்க்கரால் ஒவ்வொன்றிலும் ஒரு குறி எழுதினேன். கால் ஒன்றில், மேல்சுழி ஒன்றில், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு. ஒகர ஓகாரத்துக்கு இரண்டு பக்கமும் குறி, நடுவில் எழுத்து நுழைய இடம். அடியில் வைக்க அட்டையில் பெரிதாக க, ச, ட, த, ப என்று பதினெட்டு. பட்டையை எழுத்தின் மேல் நகர்த்தினால் ப, பா ஆகும். எடுத்தால் மறுபடி ப.

உகர ஊகாரத்துக்கு இந்தப் பட்டை உதவாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கு ஒரு வடிவம், சு ஒரு வடிவம், து ஒரு வடிவம், ஒரே குறியை எல்லாவற்றுக்கும் மாட்ட முடியாது. அதற்கு மூன்று குடும்பமாகப் பிரித்துத் தனிச் சீட்டுப் போட்டேன்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு வீடு. ஙு, சு, பு, யு, வு ஒரு வீடு. ஞு, ணு, து, நு, லு, று, னு ஒரு வீடு. கலைத்துப் போட்டு வீடு சேர்க்கும் ஆட்டம். கு-வும் சு-வும் வேறு வேறு வளைவு என்று அவள் கண்ணுக்குத் தெரிய இதுவே போதுமாக இருந்தது.

பட்டையை வைத்து ஜோடி வார்த்தைகள்: பல் பால், விடு வீடு, கொடு கோடு, தென் தேன். விடு என்று அடுக்கி, சுழியை மாற்றினால் வீடு. குறிலும் நெடிலும் மாறினால் பொருளே மாறுகிறது என்று தெரிந்த பிறகுதான் ஒற்றைக்கொம்பையும் இரட்டைக்கொம்பையும் நின்று பார்க்க ஆரம்பித்தாள். அதுவரைக்கும் இரண்டும் அவளுக்கு ஏதோ ஒரு கொம்பு.

இதில் அம்மிச்சி நடுவில் புகுந்ததில் ஒரு வேடிக்கை. என் அம்மா அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு, 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் எழுதப் படித்தவர். ‘மலை’, ‘யானை’ எழுதினால் லகரத்துக்கும் னகரத்துக்கும் முன்னால் தும்பிக்கை தூக்கி நிற்கும். பேத்தி அதைப் பார்த்துவிட்டு, யானைக்குத் தும்பிக்கை எழுத்திலேயே இருக்கிறது, இதுதான் சரி என்று ஒரு வாரம் அப்படியே எழுதினாள். பள்ளி நோட்டில் மட்டும் வேண்டாம் என்று பேசி முடித்தோம்.

தினசரி காலண்டர்

வாசிக்க என்ன கொடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம். நாள்தோறும் கிழிக்கும் காலண்டர்தான் எங்கள் வீட்டு வாசிப்புப் புத்தகம். காலையில் தாளைக் கிழித்து, தமிழ் மாதம், கிழமை, நல்ல நேரம் எல்லாம் அம்மிச்சிக்கு வாசித்துச் சொல்ல வேண்டியது பாப்பாவின் வேலை. அம்மிச்சிக்குக் கண்ணாடி போட்டாலும் அந்தப் பொடி எழுத்து தெரியாது என்பதால் இது நடிப்பில்லாத உண்மை வேலை, அதனால் அவளும் சுணங்குவதில்லை. கிழித்த தாளின் பின்பக்கம் கணக்குப் போட.

ராகு காலத்தில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது, ஆனால் மணிக் கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது. அம்மிச்சிக்கு ஒரு வரி மனப்பாடம்: “திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா.” ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்களுக்கு ஏழரை மணி, அதற்கப்புறம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொண்டே போனால் ஞாயிற்றுக்கிழமைக்கு மாலை நாலரை. ஆறு கூட்டல் கணக்கு, விடைகள் காலண்டரிலேயே இருக்கின்றன.

முதல் கூட்டலிலேயே 7.30-ம் 1.30-ம் சேர்ந்து 8.60 என்று எழுதினாள். பரணில் கிடந்த ஓடாத சுவர்க் கடிகாரத்தை எடுத்துப் பேட்டரியைக் கழற்றிவிட்டு, பின்னால் இருக்கும் திருகைத் திருப்பிக் காட்டினேன். முள் அறுபதைத் தொட்டால் மணி ஒன்று ஏறிவிடுகிறது, 8.60 என்று ஒரு இடமே அதில் இல்லை. “இங்க கட்டு அறுபதுக்குத்தான் போடணுமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் பீற்றிக்கொள்வதாகிவிடும்.

வாய்ப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு ஓட்டைச் சட்டைப் பட்டனை வரிசையாக வைத்து ஓட்டையை எண்ணினால் நாலாம் வாய்ப்பாடு, ஏழுக்குக் காலண்டர் வாரம். புரிந்த பிறகு மனப்பாடம் செய்வதில் தப்பே இல்லை, செய்யத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் நான் உட்காருவதில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வரும் நாளில் அதுவும் இல்லை, காலண்டர் மட்டும். களைத்துப்போய் உட்கார்ந்தால் குரல் உயர்ந்துவிடும், அதற்கு உட்காராமலே இருக்கலாம்.

இப்போது மூன்று இலக்கக் கழித்தலை வெறும் நோட்டில் போடுகிறாள். நடுவில் சைபர் வந்தால் மட்டும் சில நேரம் அட்டையைத் தேடுகிறாள், எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். கதைக் கணக்கு இன்னும் தகராறுதான். “ராமுவிடம் 45 இருந்தது, சோமுவை விட 12 அதிகம்” என்று வந்தால் ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூட்டிவிடுகிறாள். அதற்குக் குச்சி உதவவில்லை, யாரிடம் அதிகம் என்று இரண்டு பட்டைகளை மேலும் கீழுமாக வரைய வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செய்யப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ரப்பர் பேண்டு சித்திரை வெயிலில் டப்பாவுக்குள்ளேயே பிசுபிசுத்து அறுந்துவிட்டது. இப்போது ரிப் துணியில், குழாயாக இருக்கும் கைப்பட்டியைக் குறுக்கே மெல்லிசாக வெட்டி வளையம் எடுத்திருக்கிறேன், மூன்று சுற்று சுற்றினால் பத்துக் குச்சியை நன்றாகப் பிடித்துக்கொள்கிறது. பத்துக்குச் சிவப்பு, நூறுக்கு நீலம். ஆயிரம் கட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், அதற்கு இன்னும் எத்தனை சீமாறு வேண்டும் என்று அவளையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.